சபை வளருதுன்னு எதை வச்சு சொல்றது? தலை எண்ணிக்கை மட்டும் போதுமா?

பின்வரிசை_பிரதர் எழுதியது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும் இருந்தேன், இன்னைக்குத்தான் முதல் தடவையா எழுதறேன், தப்பா ஏதாவது சொன்னா பொறுத்துக்கோங்க.

எங்க சபை கமிட்டியில நானும் இருக்கேன். பெரிய பொறுப்புலாம் இல்ல, ஆராதனை நடக்கும்போது பின்னாடி நின்னு தலை எண்ணி நோட்டுல எழுதறது, முடிஞ்சதும் நாற்காலி அடுக்கறது, அவ்வளவுதான். மூணு வருஷத்துக்கு முன்னாடி சராசரி 120 பேர், இப்போ 190 தாண்டிடுச்சு. பாஸ்டருக்கு ரொம்ப சந்தோஷம், ரெண்டாவது ஆராதனை ஆரம்பிக்கலாமா, பெரிய இடம் பார்க்கலாமான்னு பேச்சு ஓடுது. நானும் சந்தோஷமாத்தான் இருந்தேன்.

போன மாசம் அலமாரி சுத்தம் பண்ணப்போ பழைய நோட்டு, ஞானஸ்நான ரிஜிஸ்டர், உறுப்பினர் லிஸ்ட் எல்லாம் கையில மாட்டுச்சு, சும்மா பக்கத்துல பக்கத்துல வச்சு பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாதோன்னு இப்ப தோணுது. மூணு வருஷத்துல ஞானஸ்நானம் எடுத்தவங்க 11 பேர், அதுல 9 பேர் நம்ம சபை வீட்டுப் பிள்ளைங்க. புதுசா வந்த மத்த எல்லாருமே வேற சபையில இருந்து வந்தவங்க. அது கூட பரவாயில்ல, அன்னைக்கு இருந்த 120 பேர்ல கிட்டத்தட்ட 40 பேர் இப்போ இல்லவே இல்ல. எப்போ போனாங்க, ஏன் போனாங்க, ஒண்ணும் தெரியல. வாராவாரம் தலை எண்ணறவன் எனக்கே தெரியலன்னா பாத்துக்கோங்க. ஒருத்தர் போனா ரெண்டு பேர் வந்துடறாங்க, கூட்டிப் பார்த்தா கணக்கு ஏறிட்டுத்தான் இருக்கு.

கமிட்டியில மெதுவா சொல்லிப் பார்த்தேன். "குறை கண்டுபிடிக்கறதுக்குன்னே ஒரு ஆவி இருக்கு பிரதர்"னு ஒருத்தர் சொல்லிட்டார். அதோட வாய மூடிக்கிட்டேன். பாஸ்டர் மட்டும் அப்புறமா தனியா கூப்பிட்டு, ஆரோக்கியமான சபை எப்படி இருக்கணும், அதுக்கு நாம என்ன பண்ணணும்னு அடுத்த கூட்டத்துக்கு ஒரு பக்கம் எழுதிட்டு வாங்கன்னார். எனக்கு என்ன எழுதறதுன்னே தெரியல. வளர்றதும் ஆரோக்கியமா இருக்கறதும் ஒண்ணா வேற வேறயா? எங்கேர்ந்து ஆரம்பிக்கறது?

-----

பழைய_மேய்ப்பன் எழுதியது:

தம்பி, உங்களுக்கு வந்தது குறை கண்டுபிடிக்கிற ஆவி இல்ல, இயேசு சொன்ன உவமையில தொண்ணூத்தொன்பது ஆட்ட விட்டுட்டு காணாமப்போன ஒண்ணத் தேடிப் போனாரே மேய்ப்பர், அவரோட ஆவியா இருக்கலாம். முதல்ல அந்த பயத்த விடுங்க.

நான் முப்பது வருஷத்துக்கு மேல ஊழியத்துல இருந்து இப்போ ஓய்வுல இருக்கேன். நீங்க கண்டுபிடிச்சதுக்கு ஏற்கனவே பேர் இருக்கு. சபை வளர்ச்சின்னு ஒரு தனி பாடத்தையே உருவாக்கினவர் டொனால்ட் மெக்காவ்ரன், 1897ல மிஷனரி குடும்பத்துல இந்தியாவுலயே பிறந்தவர், ஒரு சபை ஏன் வளருது பக்கத்து சபை ஏன் வளரலங்கற கேள்விய வாழ்க்கை பூரா துரத்தினவர். அவர் வழியில வந்தவங்க வளர்ச்சிய மூணா பிரிப்பாங்க. நம்ம வீட்டுப் பிள்ளைங்க வளர்ந்து சபைக்குள்ள வர்றது ஒண்ணு, வேற சபையில இருந்து மாறி வர்றது ஒண்ணு, விசுவாசமே இல்லாம இருந்தவங்க விசுவாசத்துக்கு வர்றது ஒண்ணு. ரெண்டாவதுல மொத்தக் கணக்கு ஒண்ணும் கூடாது, ஒரு தொழுவத்து ஆடு இன்னொரு தொழுவத்துல நிக்கும், அவ்வளவுதான். மாறி வர்றவங்க எல்லாரும் தப்பானவங்கன்னு சொல்லல, காயப்பட்டு வர்றவங்களும் உண்டு, அவங்களுக்கு ஒரு இடம் வேணும். ஆனா அத வச்சு பெரிய இடம் பார்க்க ஓடக்கூடாது.

இன்னொண்ணு சொல்றேன், பைபிளோட கடைசிப் புஸ்தகம் வெளிப்படுத்தின விசேஷத்துல ஏழு சபைக்குக் கடிதம் போகுது, ஒண்ணுலயாவது உங்க சபையில எத்தனை பேர்னு கேட்டிருக்கா? சர்தை சபைக்கு நல்ல பேர் இருந்துச்சு, "நீ உயிருள்ளவனென்று பெயர்கொண்டிருந்தும் செத்தவனாயிருக்கிறாய்"னு வந்துச்சு. லவோதிக்கேயா எனக்கு ஒரு குறைவுமில்லன்னு சொல்லிட்டு இருந்துச்சு, அதுக்குக் கிடைச்சத நீங்களே படிச்சுக்கோங்க. கண்டனமே வாங்காத சபை ரெண்டுதான், சிமிர்னாவும் பிலதெல்பியாவும். ஒண்ணு தரித்திரத்துல கிடந்தது, இன்னொண்ணுக்கு "கொஞ்சம் பெலன்"தான் இருந்துச்சு.

இப்போ என் தப்ப சொல்றேன். எங்க சபையில ஒரு அம்மா, வயசானவங்க, மூணாவது தூண் பக்கத்துல சாய்ஞ்சு உட்காருவாங்க, பாட்டுப் புஸ்தகத்த ஒரு துணிப்பைக்குள்ள வச்சு எடுத்துட்டு வருவாங்க. பேர் கேட்டா எனக்கு உடனே வராது. ஒரு நாள் அவங்க மகன் வந்து, அம்மா இறந்து ஒன்பது நாள் ஆச்சு, அந்தப் பாட்டுப் புஸ்தகம் சபையோடதுன்னு கொடுத்துட்டுப் போனார். ரெண்டு மாசம் படுக்கையில இருந்திருக்காங்க. அந்தக் காலாண்டு அறிக்கையில நான் "வருகை கூடியிருக்கிறது, கர்த்தருக்கு ஸ்தோத்திரம்"னு எழுதியிருந்தேன். எழுதினது பொய் இல்ல, வருகை கூடித்தான் இருந்துச்சு.

அதுக்கப்புறம்தான் பேர் எழுதற நோட்டு போட்டேன். ரிச்சர்ட் பாக்ஸ்டர்னு 17ஆம் நூற்றாண்டுல இங்கிலாந்துல கிட்டர்மின்ஸ்டர் ஊர்ல ஒரு போதகர், சுமார் 800 குடும்பம் இருந்த ஊர், உதவியாளரோட சேர்ந்து வாரத்துல ரெண்டு நாள் ஒதுக்கி ஒவ்வொரு குடும்பத்தோடயும் தனியா உட்கார்ந்து பேசியிருக்கார். பத்து வருஷம் பிரசங்கம் கேட்டும் ஏறாத விஷயம் அரை மணி நேரம் நேர்ல பேசினதுல சிலருக்கு ஏறிச்சுன்னு எழுதி வச்சிருக்கார். கூட்டம் தாங்காம அவரோட ஆலயத்துக்குள்ள ஜனங்க மேல உட்கார மாடம் மாடமா கட்ட வேண்டி வந்துச்சாம். அந்த மனுஷன் கூட்டம் சேர்க்கக் கிளம்பல, வீடு வீடாத்தான் கிளம்பினார்.

நீங்க அந்த 40 பேர்ல இருந்து ஆரம்பிங்க.

-----

பெரோயா_வாசி எழுதியது:

பழைய மேய்ப்பன் ஐயா சொன்னதுக்கு ஆமென், ஆனா ஒண்ணு விட்டுப் போச்சு. வீடு சந்திக்கறது, அன்பா விசாரிக்கறது எல்லாம் ஒரு நல்ல கிளப் கூட பண்ணும். சபைய சபையாக்கறது எதுன்னு சீர்திருத்தக் காலத்துலயே கேட்டுட்டாங்க. லுத்தரன் சபைகளோட 1530 ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை சுவிசேஷம் சுத்தமா போதிக்கப்படணும், ஞானஸ்நானமும் திருவிருந்தும் முறையா நடக்கணும்னு சொல்லுது, 1561 பெல்ஜிக் அறிக்கை அதோட பாவத்தத் திருத்தற ஒழுங்கு நடவடிக்கையையும் சேர்த்துக்கிச்சு. ஆதி சபையில உபதேசம், அந்நியோந்நியம், அப்பம் பிட்குதல், ஜெபம், பைபிள்ல அப்போஸ்தலர் நடபடிகள் 2:42. அவங்க அதுல "உறுதியாய்த் தரித்திருந்தார்கள்", அஞ்சு வசனம் தள்ளி சபையில ஆள் சேர்த்தது யாருன்னு பாருங்க, கர்த்தர்.

இப்போ வர்ற பிரசங்கம் பாதிக்கு மேல "இந்த மாசம் உன் வாசல் திறக்கும்" ரகம். அந்த வாசல் திறக்கலன்னா ஆறாவது மாசம் ஆள் அடுத்த சபைக்குப் போயிடுவான், உங்க சபைக்கு மாறி வந்தவங்கள்ல எத்தனை பேர் அப்படி வந்தவங்கன்னு பாருங்க.

கிறிஸ்டியன் ஷ்வார்ட்ஸ்னு ஒரு ஜெர்மன்காரர் 1990கள்ல பல நாட்டுல ஆயிரத்துக்கும் மேல சபைகள ஆராய்ஞ்சு 8 குணங்கள் சொன்னார். பீப்பாய்ல எந்தப் பலகை குட்டையோ அந்த உயரத்துக்குத்தான் தண்ணி நிக்கும்னு ஒரு படம் போட்டுக் காட்டுவார். எனக்கு இந்த மாதிரி மார்க் போடற விஷயத்துல பெரிய நம்பிக்கை இல்ல, ஆனா அந்தப் பலகை உதாரணம் பிடிக்கும். உங்க சபையோட குட்டைப் பலகை எதுன்னு நீங்கதான் கண்டுபிடிக்கணும்.

-----

ட்ரம்ஸ்_தம்பி எழுதியது:

எல்லாரும் சண்டைக்கு வராதீங்க, எண்ணிக்கைன்னா என்னமோ பாவம் மாதிரி பேசறீங்களே. அப்போஸ்தலர் 2ல மூவாயிரம் பேர்னு எண்ணி எழுதியிருக்கு, 4ல ஆண்கள் மட்டும் ஐயாயிரம்னு எழுதியிருக்கு, யாரோ ஒரு பின்வரிசை பிரதர் அன்னைக்கும் எண்ணியிருக்கார் 😄

நான் பிறந்து வளர்ந்த சபையில 35 பேர். பதினஞ்சு வருஷமா அதே 35. கேட்டா "நாங்க சிறு மந்தை, ஆழமா இருக்கோம்"னு சொல்லுவாங்க. உள்ள இருக்கறவங்களுக்கு சொர்க்கம்தான், ஒருத்தருக்குக் காய்ச்சல்னா பத்து பேர் வீட்டு வாசல்ல நிப்பாங்க. ஆனா நான் என் கூட வேலை பாக்கற ஃபிரெண்ட கூட்டிட்டுப் போனேன், பைபிளே தொட்டதில்லாதவன், ஒரு மாசமா கெஞ்சி கூட்டிட்டு வந்தேன், நான் ட்ரம்ஸ்ல உட்காரணும்னு அவன முன்னாடி ஒரு நாற்காலியில உக்கார வச்சுட்டுப் போனேன், பாட்டு நடுவுல பாக்கறேன் ஒரு ஆன்ட்டி வந்து அவன் தோள்ல தட்டி இது எங்க வீட்டுக்காரர் உட்கார்ற இடம்னு எழுப்பி விடறாங்க, அவன் கையில செருப்பு மாதிரி பைபிள இடுக்கிக்கிட்டு எங்க போறதுன்னு தெரியாம பின்னாடி சுவரோரமா போய் நின்னான், முடியற வரைக்கும் நின்னான். முடிஞ்சதும் ஒருத்தர் கூட பேர் கேட்கல, எல்லாரும் அவங்கவங்களுக்குள்ள பேசிட்டு இருந்தாங்க. யாக்கோபு 2ல "இங்கே உட்காரு, அங்கே நில்லு"ன்னு வர்றத நான் அன்னைக்கு நேர்லயே பார்த்தேன். திரும்ப அவன் வரல.

அதனால நான் சொல்றது, ஆரோக்கியமா இருக்கோம்னு சொல்லிட்டு வளராம இருக்கறதும் ஒரு வியாதிதான். முன் வாசலயும் பாருங்க, பின் வாசல மட்டும் பார்க்காதீங்க. 11ல ரெண்டே பேர்தான் வெளிய இருந்து வந்தவங்கன்னு சொன்னீங்கல்ல, அந்த ரெண்டு பேர்கிட்ட போய் நீங்க எப்படி வந்தீங்க, என்ன பார்த்து தங்கினீங்கன்னு கேளுங்க. யாரும் கேட்டிருக்க மாட்டாங்க, பெட்.

-----

தபீத்தாள்_ஊசி எழுதியது:

பிரதர், அந்த "ஆவி" டயலாக் படிச்சதும் எனக்கு அப்போஸ்தலர் 6தான் ஞாபகம் வந்துச்சு. கிரேக்கப் பக்கத்து விதவைகள் அன்றாட விசாரணையில, அதாவது தினசரி சாப்பாட்டு உதவியில, விடப்பட்டுட்டாங்கன்னு முறுமுறுப்பு. அப்போஸ்தலர் நினைச்சிருந்தா இது பிசாசோட வேலைன்னு ஒரு நாள் உபவாசம் போட்டு அமுக்கியிருக்கலாம். அவங்க என்ன பண்ணாங்க? ஏழு பேர தெரிஞ்சுக்கச் சொன்னாங்க. ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பேர்! யார் பக்கத்துல இருந்து புகார் வந்துச்சோ அந்தப் பக்கத்து ஆளுங்க கையிலயே பந்தி விசாரிக்கிற பொறுப்பு போச்சு. அதுக்கு அடுத்த வசனம் என்ன? சீஷருடைய தொகை மிகவும் பெருகிச்சு, ஆசாரியர்கள்ல கூட அநேகர் வந்தாங்க. இத வளர்ச்சி செமினார்ல யாரும் சொல்லி நான் கேட்டதில்ல.

அப்புறம் இன்னொரு கணக்கும் எடுங்க, உங்க சபையில எத்தனை பேர் வேலை செய்றாங்க? எங்க சபையில ஒரு சமயம் 150 பேர், வேலை செஞ்சது எட்டு பேர். சண்டே ஸ்கூல், வாலிபர் கூட்டம், பெண்கள் ஜெபம், நோயாளி சந்திப்பு, கூட்டறது, துடைக்கறது எல்லாத்துலயும் அதே எட்டு முகம். நான் அதுல ஒருத்தி. சண்டே ஸ்கூல் எடுத்து எடுத்து ரெண்டு வருஷம் நான் ஒரு பிரசங்கம் கூட முழுசா கேட்டதில்ல, ஒரு நாள் பிள்ளைங்களுக்கு தாவீது கோலியாத் படம் வெட்டிட்டு இருக்கும்போதே அழுகை வந்துடுச்சு, ஏன்னு எனக்கே தெரியல. மத்த 142 பேருக்கு வரமே இல்லையா என்ன? யாரும் கேட்கல, நாங்களும் விட்டுக்கொடுக்கல, உண்மையச் சொன்னா எங்களுக்கும் அதுல ஒரு பெருமை இருந்துச்சு.

சியோல்ல யொய்தோ ஃபுல் காஸ்பல் சபையோட கதை தெரிஞ்சிருக்கும். 1960கள்ல அந்த பாஸ்டர் எல்லாத்தையும் தானே இழுத்துப் போட்டு செஞ்சு உடம்பு முடியாம விழுந்துட்டார். அப்புறம்தான் வேற வழியில்லாம வீட்டு செல் குழுக்கள், அதாவது வீடுகள்ல கூடற சின்னச் சின்னக் குழுக்கள், அதுக்கு தலைவர்களா பெரும்பாலும் பெண்கள். அது உலகத்துலயே பெரிய சபையாச்சு. மாமனார் எத்திரோ மோசேகிட்ட "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல"ன்னு சொன்னது இதத்தானே.

-----

கணக்கு_அங்கிள் எழுதியது:

சிஸ்டர் சொன்ன அதே சபையோட ஸ்தாபகப் போதகர்தான் 2014ல சபைப் பணத்துக்கு நஷ்டம் உண்டாக்கின வழக்குல குற்றவாளின்னு தீர்ப்பு வாங்கினார், அதையும் சேர்த்து சொல்லிடணும். செல் குழு தப்புன்னு சொல்லல. எவ்வளவு வளர்ந்தாலும் கணக்கு திறந்து இல்லன்னா அந்த வளர்ச்சியே ஒரு நாள் கழுத்துல சுத்தும்.

நான் முன்னாடி இருந்த சபையில (பேர் வேண்டாம்) காணிக்கை எண்ணறது ஒரே குடும்பம். ஆரம்பத்துல யாருக்கும் கெட்ட எண்ணம் இல்ல, நான் சத்தியமா நம்பறேன். பாஸ்டர் வீட்டு அவசரத்துக்கு கொஞ்சம் எடுத்து அடுத்த மாசம் வச்சாங்க, அப்புறம் வைக்க மறந்தாங்க, அப்புறம் எழுதவே மறந்தாங்க. யாரோ கேட்டாங்க, கேட்டவர் விசுவாசம் இல்லாதவர்னு ஆயிட்டார். ஒன்றரை வருஷத்துல 200 பேர் சபை மூணா உடைஞ்சுது. பவுல் எருசலேமுக்கு தர்மப்பணம் கொண்டு போகும்போது தான் அப்போஸ்தலன், என்னை நம்புங்கன்னு சொல்லல, தீத்துவோட சபைகளே தெரிஞ்செடுத்த இன்னொருத்தரையும் கூட அனுப்பறார், "ஒருவனும் எங்களைக் குற்றப்படுத்தாதபடிக்கு"னு காரணமும் எழுதறார், 2 கொரிந்தியர் 8. வேற வேற வீட்டுக்காரங்க ரெண்டு பேர் எண்ணணும், ரெண்டு பேரும் கையெழுத்து போடணும், வரவு செலவு எல்லாரும் பார்க்கற இடத்துல ஒட்டணும். ஒரு பக்கத்துல இதுக்கு ரெண்டு வரி ஒதுக்குங்க.

கணக்குன்னதும் எனக்குப் பிடிச்ச ஒரு விஷயம் சொல்லிட்டுப் போறேன். 1742ல இங்கிலாந்துல பிரிஸ்டல்ல, மெதடிஸ்ட் இயக்கத்த ஆரம்பிச்ச ஜான் வெஸ்லியோட ஆளுங்களுக்கு கட்டடக் கடன். ஆளுக்கு வாரம் ஒரு பென்னி தரணும், 12 பேருக்கு ஒருத்தர் பொறுப்பு, அவர் வீடு வீடாப் போய் வசூல் பண்ணணும்னு முடிவாச்சு. காசு வாங்கப் போனவங்க திரும்பி வந்து அந்த வீட்டுல தினமும் சண்டை, இவர் திரும்ப குடிக்கிறார்னு சொல்ல ஆரம்பிச்சாங்க. வெஸ்லிக்குப் பொறி தட்டுச்சு, இதத்தானே இத்தனை நாளா தேடிட்டு இருந்தோம்னு. மெதடிஸ்ட் சபையோட முதுகெலும்பா இருந்த கிளாஸ் மீட்டிங், அதாவது ஒரு தலைவர் பொறுப்புல ஒருத்தர ஒருத்தர் விசாரிக்கற சின்னக் குழு, அப்படித்தான் வந்துச்சு. கடன் தீர்க்கப் போய் ஆட்ட கண்டுபிடிச்சாங்க.

-----

சும்மா_வந்தவன் எழுதியது:

நான் இப்போ எந்த சபைக்கும் போறதில்ல, இந்த தலைப்பு கண்ணுல பட்டுச்சு, அந்த 40 பேர்ல ஒருத்தன் மாதிரிதான் நானும்.

நின்னு ரெண்டே கால் வருஷம் ஆச்சு. அதுக்கப்புறம் சபையில இருந்து வந்தது மொத்தம் நாலு மெசேஜ். ரெண்டு பிறந்தநாள் வாழ்த்து (பூங்கொத்து படம், வசனம், என் பேர் தப்பு), ஒண்ணு கட்டட நிதி, ஒண்ணு வாக்குத்தத்த அட்டை வாங்கிக்கச் சொல்லி. நான் உபதேசப் பிரச்சனையில போகல, யாரும் என்னைத் திட்டல. வேலை போச்சு, வெட்கமா இருந்துச்சு, நாலு வாரம் வரல, அஞ்சாவது வாரம் போனா எங்க இத்தனை நாளான்னு கேட்பாங்களே, என்ன சொல்றதுன்னு யோசிச்சேன், போகல. யாருமே கேட்டிருக்க மாட்டாங்கன்னு அப்புறம்தான் புரிஞ்சுது. அவ்வளவுதான். யாரும் எனக்கு ஆலோசனை சொல்ல வேண்டாம்.

-----

பின்வரிசை_பிரதர் எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பதில் சொல்ல லேட் ஆயிடுச்சு, சும்மா இருக்கல, கொஞ்சம் அலைஞ்சுட்டு இருந்தேன். சும்மா வந்தவன் பிரதர், ஆலோசனை ஒண்ணும் இல்ல, நீங்க எழுதினத மூணு நாலு தடவ படிச்சேன், அத மட்டும் சொல்லிக்கறேன்.

நோட்டுல இருந்து பேரெல்லாம் எடுத்தேன், சரியா 43 பேர். மூணு வாரத்துல 17 பேர பார்த்தேன் இல்ல போன்ல பேசினேன். அஞ்சு பேர் ஊர் மாறிட்டாங்க, அங்க ஒரு சபையில இருக்காங்க, சந்தோஷம். ஒரு வீட்டுல கதவத் திறந்து யாருன்னு பார்த்துட்டு சாத்திட்டாங்க. கிட்டார் வாசிச்ச பையன் ஒருத்தன், நீ இனி வர வேண்டாம்னு அவனுக்கு ஒரு மெசேஜ்தான் வந்திருக்கு, அத இன்னும் அழிக்காம வச்சிருக்கான், காட்டினான். ஒரு சிஸ்டர், நான் ஏதோ பெரிய மனஸ்தாபம்னு நினைச்சுப் போனேன், ஆராதனைய மாடிக்கு மாத்தினதுல இருந்து அவங்க அம்மாவால படியேற முடியலயாம், அம்மாவ தனியா விட்டுட்டு வரவும் முடியலயாம். மாடிக்கு மாத்தினது ஏன்னா கூட்டம் அதிகமாச்சுன்னு. அன்னைக்கு நாற்காலி எல்லாத்தையும் மேல தூக்கிட்டுப் போனது நான்தான்.

ட்ரம்ஸ் தம்பி, அந்த ரெண்டு பேர்கிட்டயும் கேட்டேன், நீங்க பெட்ல ஜெயிச்சுட்டீங்க, இதுவரைக்கும் யாருமே கேட்டதில்லயாம். ரெண்டு பேருமே பிரசங்கத்துல வரல, ஒருத்தர் ஆஸ்பத்திரியில பக்கத்து கட்டில்ல இருந்த நம்ம சபை அம்மாவ பார்த்து வந்தவர், இன்னொருத்தி கடன் கேட்டப்போ கொடுத்துட்டு திருப்பிக் கேட்காத தோழியால வந்தவ.

கமிட்டிக்கு ஒரு பக்கம் எழுதிக் கேட்டாங்கல்ல, நான் கட்டுரைலாம் எழுதல. 43 பேர வரிசையா எழுதி, கடைசியா யார் இவங்கள பார்த்தாங்கன்னு பக்கத்துல ஒரு கட்டம் போட்டேன், அதுல பாதிக்கு மேல காலி. கீழ ரெண்டு வரி, காணிக்கை எண்றது பத்தி. ஆளுக்கு ஒரு காப்பி கொடுத்தேன். ரொம்ப நேரம் யாரும் பேசல. ஆவி பத்தி சொன்னாரே அவர் கண்ணாடிய கழட்டித் தொடச்சுட்டு, "27ஆவது என் தங்கச்சி பையன், அவன் இன்னும் வர்றான்னுதான் நினைச்சுட்டு இருந்தேன்"னார்.

பெரிய இடம் பார்க்கறத தள்ளி வச்சிருக்காங்க, நிறுத்தல. கீழ ஒரு ஆராதனை வைக்கலாமான்னு பேச்சு. பழைய மேய்ப்பன் ஐயா, ஒரே ஒரு கேள்வி, உங்க நோட்டுல எத்தனை கட்டம் போட்டிருந்தீங்க?

-----

பழைய_மேய்ப்பன் எழுதியது:

மூணுதான் தம்பி. பேர், கடைசியா பார்த்த தேதி, அடுத்த தடவ மறக்காம கேட்க வேண்டியது. மூணாவது கட்டம் கொஞ்சம் அகலமா போடுங்க, எனக்கு இடம் பத்தாம ஓரத்துலலாம் எழுத வேண்டி வந்துச்சு. அந்த அம்மாவுக்கு படி ஏற முடியலன்னு சொன்னீங்களே, அவங்க பேர் உங்க 43ல இருக்கா, இல்ல மக பேர் மட்டும்தானா?